உலக்கை மேலே நின்ற நேரம்

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், மைனி. ரூமுக்கு மேலே மாடி எழும்பும், மாடிக்கு மின்விசிறி வரும், வாசலில் பெயர்ப்பலகை தொங்கும், நம் தெருப் பொம்பிளைகள் அதை நின்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள் என்று, உங்கள் கையால் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னேன். எப்போது சொன்னீர்கள் என்று மறித்துக் கேட்க நீங்கள் இப்போது இல்லை. அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். உலக்கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள் என்பதையும் நான்தான் முதலில் சொன்னேன்.

இன்று காலை வைத்துவிட்டார்கள். நம் ஊர்ச் சங்கத்து ரூமின் மேல் புதிதாகக் கட்டிய படிப்பகத்துக்குத் திறப்பு விழா. பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் உலக்கையை என் கையில் கொடுத்து, "சித்தப்பா, அன்னைக்கு நடந்ததை நீங்களே சொல்லுங்க" என்றார்கள். உங்கள் பிள்ளைகள் கூப்பிட்ட முறையே நிலைத்துப்போய் தாராவியில் பாதிப் பேருக்கு இப்போது நான் சித்தப்பா. உலக்கையை வாங்கினேன். பூணுக்கு மேலே மரம் இன்னும் செக்கச்செவேல் என்று இருந்தது. சும்மா இருக்காமல் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் மிளகாய்! மைக்குக்கு முன்னால் ஒரு தும்மல் தும்மினேன் பாருங்கள், மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்ற வண்டி அதைக் கார்டின் விசில் என்று நினைத்துக் கிளம்பியிருக்கும்.

அந்தத் தும்மலில்தான் நீங்கள் வந்தீர்கள். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கையில் சுண்ணாம்புக் கட்டியோடு, கண்ணில் நீர் வழிய, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடி.

நீங்கள் என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு இங்கே வந்து இறங்கியபோது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள், அரிசிக்கு வரிசை, தெருவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பின் வாடை. "உன் மைனி அஞ்சாங் கிளாஸ் படிச்சவ" என்று அண்ணன் ஒரு மாதம் பெருமை அடித்தான். நான் இரண்டாங் கிளாஸ்தான். ஆனால் அந்த இரண்டாங் கிளாஸையே இரண்டு முறை படித்தவன். கூட்டினால் நாலு வருகிறது. உங்களுக்கும் எனக்கும் ஒரு கிளாஸ்தான் வித்தியாசம் என்று உங்களிடமே நான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படிப்பை வைத்துத்தான் நான் தெருவுக்கே கடுதாசி வாசிக்கிறவனாக இருந்தேன். தபால்காரன் வந்துபோன அடுத்த நிமிஷம் பொம்பிளைகள் என்னைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். நானும் குரலை உயர்த்தி, அழ வேண்டிய இடத்தில் அழவைத்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவைத்து வாசிப்பேன். எழுத்து விளங்காத இடத்தில் நின்று திணறினால் கேட்கிறவர்களுக்குச் சங்கடம் அல்லவா? அங்கே என் சொந்தச் சரக்கில் இரண்டு வரி சேர்த்துக்கொள்வேன். கடுதாசி நன்றாக இருக்கும்.

முத்தம்மாதான் கண்டுபிடித்தாள். பொங்கல் வீட்டுக்கு மிளகாய் இடிக்கிறவர்களில் அவள் ஒருத்தி. ஊரிலிருந்து தனியாக வந்து தோல் ஷாப்பில் வேலை பார்க்கிற ஆம்பிளைகள் ஒன்றாகத் தங்கிச் சாப்பிடுகிற இடத்துக்குத்தானே பொங்கல் வீடு என்று பேர். அத்தனை பேருக்கும் குழம்புக்கு மிளகாய் வேண்டும். ஒரு நாள் நான் அவளுடைய அம்மாவின் கடுதாசியை வாசித்து முடித்ததும் அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இது எங்கம்மை எழுதச் சொன்னதில்லை அண்ணாச்சி."

"ஏன்? நல்லாத்தானே இருந்துது?"

"அதான் சொல்லுதேன். எங்கம்மை வாயில 'அன்பிற்கும் பாசத்திற்கும் உரிய'ன்னு வருமா? 'கெடாரி கன்னு போட்டிருக்கு, நீ சாப்பிட்டியா'. அம்புட்டுத்தான் அவளுக்கு வரும்."

நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "கொழுந்தனாரே, நீங்க கடுதாசி வாசிக்கியளா, எழுதுதியளா?" என்றீர்கள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே முத்தம்மா உங்களிடம் வந்து, எனக்கு எழுத்துச் சொல்லித்தாங்க என்று கேட்டாள். ஆக, அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கால்கோள் போட்டவன் யார்? நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானத்தில்தான் நேரம். ஆம்பிளைகள் ஷாப்புக்குப் போனபிறகு சங்கத்து ரூம் காலியாகக் கிடக்கும். நடுவில் கல் உரல். பொங்கல் வீட்டு மிளகாயை அங்கேதான் இடிப்பார்கள். ஒரு கூட்டம் இடிக்கும், ஒரு கூட்டம் புடைக்கும், நீங்கள் சுவரில் எழுதுவீர்கள். அ, இ, உ என்று குறில் எல்லாம் ஒரு பாடும் இல்லாமல் ஏறிவிட்டது. க, ப, ம எல்லாம் வந்துவிட்டது. கால் போட்டதும்தான் வந்தது வினை. "காடு" என்று எழுதினால் "கடு" என்பார்கள். "பாட்டி"யைப் "பட்டி" என்பார்கள். கால் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, வாய் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கொம்பு ஒற்றையா இரட்டையா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஊகாரம் வந்த அன்று ரூமில் கலகமே நடந்தது. கூவுக்கு ஒரு வால், பூவுக்கு ஒரு வால், தூவுக்கு ஒரு வால்.

"ஒத்த ஊவுக்கு எதுக்கு மைனி இத்தனை சீலை?" என்று கேட்டாள் முத்தம்மா.

"சீலை எத்தனை மாத்தினாலும் ஆளு ஒண்ணுதான் ஏட்டி. மூச்சைப் புடிச்சுப் பாரு, தெரியும்."

மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி கொஞ்சம் இழுப்பாள், ஒருத்தி பாட்டுப் பாடுகிற மாதிரி நாலு வீட்டுக்கு இழுப்பாள். அப்போதுதான் ராத்திரி வேலை முடித்து வாசலில் பீடியோடு உட்கார்ந்திருந்த நான் உள்ளே திரும்பி, "மைனி, உலக்கையை வச்சுச் சொல்லிக்குடுங்களேன்" என்றேன். இந்த யோசனை என்னுடையதுதான் என்று இன்று மேடையிலும் சொன்னேன். நீங்கள் ஒரு நாளும் மறுத்ததில்லை. யோசனை எனக்கு வருவதற்கு முன்னாலேயே உங்கள் கையில் உலக்கை இருந்தது என்பது சின்ன விஷயம்.

எதிரும் புதிருமாக இரண்டு பேர் ஒரே உரலில் இடிக்கும்போது, ஒருத்தியின் உலக்கை இறங்கும் நேரம் மற்றவளுடையது ஏறும். நீங்கள் அதையே பாடமாக்கினீர்கள். இடிக்கிற இருவரில் ஒருத்தி சுவரைப் பார்த்து வாசிக்க வேண்டும், மற்றவளுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கும். குறில் என்றால் ஒரு இடி, முறை மாறாது. நெடில் என்றால் வாசிக்கிறவள் தன் முறையை ஒரு தடவை எதிரில் இருப்பவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். உலக்கை மேலேயே நிற்கும். எதிரில் இருப்பவளின் இடி விழுந்து எழும்வரை குரலும் மேலேயே நிற்கும். "காலைக் கண்டா கையை எறக்காத." இதுதான் உங்கள் பாடம் மொத்தமும். கால் என்றாலும் சரி, இரட்டைக் கொம்பு என்றாலும் சரி, கீ, மீ தலையில் சுழித்த விலங்கு என்றாலும் சரி, அந்தக் காலத்து அச்சில் எழுத்தோடு சுருண்டு ஒட்டிக்கிடந்த ணா, றா, னா என்றாலும் சரி, கண் கண்டதும் கை நிற்க வேண்டும்.

தப்பாக வாசித்தால் நீங்கள் திருத்த வேண்டியதே இல்லை. இரண்டு உலக்கையும் ஒரே நேரத்தில் இறங்கி உரலுக்குள் முட்டிக்கொள்ளும். தோள்வரைக்கும் அதிரும். "கடு"வென்று வாசித்தவள் கையை உதறிக்கொண்டு, மூக்கில் கட்டிய முந்தானைக்குள்ளிருந்து, "காடு, காடு, தெரிஞ்சுபோச்சு தாயே" என்று அலறுவாள். தும்மலும் சிரிப்புமாக ரூமே குலுங்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சுவரில் நீங்கள் எதை எழுதினாலும் உலக்கை தானாக நின்றது. நம் பொங்கல் வீட்டு மிளகாய்த்தூளைப் போல மைதா மாதிரி நைசான தூள் வடாலாவரைக்கும் கிடையாது என்று அந்த நாளில் பேர். நெடில் நிறைய வருகிற நாளில் மட்டும் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் தோல் மண்டிக்காரர் சங்கத்துக்கு வந்தார். மத்தியானம் சும்மா கிடக்கிற ரூம்தானே, உப்புத் தோல் அடுக்கிக்கொள்கிறேன், வாடகை தருகிறேன் என்றார். சங்கத்து ஆம்பிளைகளுக்கு அது நியாயமாகப் பட்டது. ரூம் போனால் பள்ளிக்கூடம் போயிற்று. நம் குடிசைகளில் ஏது இடம்? ராத்திரி வேலை முடித்த ஆம்பிளைகள் பகலில் நீட்டிப் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே கிடக்கும். நீங்கள் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் நேராகப் போய் நின்றீர்கள். அவர் கெட்டவர் இல்லை, நம்பாதவர்.

"பொம்பளையள் மொளகாயும் இடிச்சிக்கிட்டு படிக்கவும் செய்தாளுகன்னா நான் எப்படித் தாயீ நம்ப? வருசக் கூட்டத்துல ஒருத்திய வாசிக்கச் சொல்லு. நீ வாசிக்கப்படாது. ஆளை நான்தான் காட்டுவேன். தாளையும் நான்தான் குடுப்பேன். வாசிச்சா ரூம் உங்களுக்கு. வாசிக்கலைன்னா தோலுக்கு."

"சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வந்தீர்கள். வீட்டுக்குள் வந்ததும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். "ஜெயிச்சாச்சு மைனி, நான் சொல்லுதேன்" என்றேன். இதையும் முன்கூட்டியே சொன்னவன் நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சந்து தள்ளிப் பிள்ளையார் கோயில் பந்தலில். அண்ணாச்சி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்தம்மாவைக் காட்டினார். முந்தின நாள் தபாலில் ஊரிலிருந்து வந்து, பிரிக்காமல் வைத்திருந்த கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸைப் பிரித்துக் கொடுத்தார். யாரும் மனப்பாடம் பண்ணியிருக்க வழியில்லாத தாள். முத்தம்மா எழுந்து நின்றாள். தாளை விரித்தாள். ஊரார் யாவரும் என்று தொடங்குகிற வரி.

"உரர்... யவரும்..." என்றாள்.

பின்வரிசை ஆம்பிளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏட்டி, மொளகா வாய்க்குள்ள போயிட்டோ?" என்றான் ஒருத்தன். முத்தம்மா மறுபடியும் பார்த்தாள். கால் தெரிகிறது. வாய் தாண்டுகிறது. வெறுங்கையோடு நம் ஆள் ஒருத்தியும் ஒரு நாளும் வாசித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது. எனக்கு அது முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒலக்கை" என்றீர்கள்.

ஓடினேன் மைனி. அப்படி ஒரு ஓட்டத்தைத் தாராவி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சங்கத்து ரூமுக்குள் பாய்ந்து உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினால், சந்து முனையில் மஞ்சள் தொப்பிப் போலீஸ்காரன் ஒருத்தன்.

"ஏ மதராசி! கிதர் ஜாத்தா ஹை? கிஸ்கோ மாரேகா?" எங்கே போகிறாய், யாரை அடிக்கப் போகிறாய் என்கிறான்.

"மாரேகா நஹி சாப். யே படாயிகா ஹை" என்றேன். இது படிப்புக்கு வைத்திருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் உலக்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தன்னுடைய வாத்தியாரை நினைத்துக்கொண்டானோ என்னவோ, எனக்கு ஒரு சலாம் வைத்து வழி விட்டான். காற்றாகப் பறந்து பந்தலுக்குள் நுழைந்து, முத்தம்மாவின் கையில் உலக்கையைக் கொடுத்தேன்.

அப்புறம் நடந்ததைத்தான் இன்று மேடையில் சொன்னேன். கையில் உலக்கை ஏறியதும் அவள் நின்ற நிலையே மாறியது. நோட்டீஸை நீங்கள் எதிரில் பிடித்துக்கொண்டீர்கள். பந்தல் தரையில் முதல் இடி விழுந்தது. ஊ என்று உலக்கை மேலே நின்றது, ரா என்று மறுபடியும் நின்றது. "ஊரார் யாவரும் கூடி" என்று பந்தல் கம்பு அதிரப் புறப்பட்டது குரல். பின்னால் இருந்த நம் பொம்பிளைகள் எதிர் இடிக்குப் பதிலாக, இடிக்கும்போது வருமே, அந்த ஹூம் என்கிற மூச்சை விட்டார்கள். மேளம், தாளம், பூசாரி, ஊட்டு, சாமக்கொடை, ஒன்றையும் விடவில்லை. அச்சாபீசின் பேர்வரைக்கும் வாசித்தாள். போதும் தாயீ என்று அண்ணாச்சி சொன்ன பிறகும், "இருங்க, இன்னும் ஒரு வரி கெடக்கு" என்று அதையும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரூம் பொம்பளையளுக்குத்தான். மண்டிக்காரரே, தோலை வேற எடத்துல போடும்."

"போடுதேன், போடுதேன். இவளுக மொளகா நெடியில என் தோலு தும்மியே செத்துரும்" என்றார் மண்டிக்காரர். அவர் மகளையே அடுத்த மாதம் உங்களிடம் அனுப்பினார்.

அதற்குப் பிறகு என்னிடம் கடுதாசி கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தேன். முத்தம்மாவுக்கு அடுத்த கடுதாசி வந்தபோது உங்கள் வாசலில் உட்கார்ந்து அவளே வாசித்தாள். இடது கை முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. மொத்தம் இரண்டே வரி. மழை இல்லை. நீ சாப்பிட்டாயா. அவ்வளவுதான். நான் வாசித்திருந்தால் அரைமணி நேரம் ஓடியிருக்கும். அவள் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இதான் எங்கம்மை" என்றாள். நீங்கள் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டீர்கள்.

அந்த முத்தம்மாதான் இன்று நாடா வெட்டினாள். தலை முழுக்க வெள்ளை. பெயர்ப்பலகையைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கத்திரியைத் தொட்டாள். நான் பேசி முடித்து, கைதட்டல் அடங்கி, பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் என் காதுக்கு அருகில் குனிந்தாள்.

"ஏன் அண்ணாச்சி, அன்னைக்கு ஒலக்கை ரொம்பக் கனமோ?"

"ஏன் கேக்கே?"

"சும்மாத்தான்" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். மின்விசிறியை நிறுத்தி எல்லோரும் கீழே இறங்கும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நான் எழுதும்போதும் சரி, பேப்பர் வாசிக்கும்போதும் சரி, நெடில் வந்தால் என் இடது கை மேசையிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கிறது. பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். வாசலில் பீடியோடு உட்கார்ந்திருந்தவனுக்கும் நீங்கள்தான் பாடம் எடுத்திருக்கிறீர்கள். இன்றைக்கு நான் ஒரு வரி கூடச் சொந்தமாகச் சேர்க்காமல் பேப்பரை முழுக்க வாசிப்பேன், மைனி. வாசித்துச் சொல்லும்போதுதான் சேர்ப்பேன்.

இந்த மடலில் சேர்த்ததும் கொஞ்சம் உண்டு. தும்மல், வண்டி, வடாலாவரை போன பேர், எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மட்டும் உங்களிடம் அப்படியே விட முடியவில்லை. அந்தப் போலீஸ்காரன் சலாம் வைக்கவில்லை. படாயி என்று நான் சொன்னதும் போலீஸ் சௌக்கிக்குக் கூட்டிப்போய், உலக்கையோடு பெஞ்சில் உட்காரவைத்து, தன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விட்டான்.

நான் பந்தல் வாசலுக்கு வந்தபோது முத்தம்மா கடைசி வரியில் இருந்தாள். நோட்டீஸை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் இரண்டு கையும் தலைக்கு மேலே, உலக்கையைப் பிடிக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக, காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. பின்னால் அத்தனை பொம்பிளைகளின் கையும் அப்படியே. ஒருத்தி கையிலும் ஒன்றும் இல்லை. நெடில் முடியட்டும் என்று பந்தலே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தோளில் உலக்கையைப் பார்த்தீர்கள். "வந்துட்டியளா கொழுந்தனாரே? நாளைக்கு இடிக்க மொளகா இருக்கு, அதை உள்ள வையுங்க" என்றீர்கள். அதற்கப்புறம் ஊர் முழுக்க நான் எத்தனை தடவை கதையைச் சொன்னாலும், பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் இருந்தீர்கள்.

இனிமேலும் யார் கேட்டாலும் உலக்கையை நான்தான் கொடுத்தேன் என்றுதான் சொல்வேன். அங்கேயும் மறுத்துவிடாதீர்கள், மைனி.